மூன்றாம் துண்டில் இருந்த பெயர்

மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் ஊர்ப் பெயர் வைத்தவள் இசக்கிசெல்விதான். எண் வைத்திருக்கலாம். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்றால் ராஜதுரை போனில் மாற்றிச் சொல்லிவிடுவார். ஒருமுறை இரண்டை நிறுத்தச் சொன்னதற்கு மூன்றை நிறுத்தி, அரை நாள் வேலை போயிற்று. ஊர்ப் பெயரை யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். அதனால் அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டர் குருவிகுளம். முதலாளி சண்முகையாவின் வீட்டு மாடியில் இருந்தது மேலநீலிதநல்லூர். அவருடைய மைத்துனரின் விசைத்தறிக் கூடத்தில், கணக்கு எழுதும் அறையில் இருந்தது திருவேங்கடம். மூன்றும் சங்கரன்கோவிலுக்குள்ளேயே, ஸ்கூட்டியில் பத்து நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய மூன்று கட்டடங்களில் இருந்தன.

“பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி வச்சிருக்கியே தங்கச்சி. நாளைக்கு எவனாவது டிக்கெட் கேட்டு வரப் போறான்” என்றார் ராஜதுரை. நாற்பத்திரண்டு வயது. வயர், மின்விசிறி, பேட்டரி, சுவரில் துளை என்று கையால் தொடக்கூடிய வேலை எல்லாம் அவருடையது. திரைக்கு உள்ளே நடப்பதெல்லாம் இசக்கிசெல்வியுடையது. அந்த அலுவலகத்தில் இவர்கள் இரண்டு பேரும் முதலாளியும்தான்.

இசக்கிசெல்வி அதிகம் பேசுகிறவள் அல்ல. அப்பா தறி ஓட்டியவர். அவள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது நெஞ்சு வலியில் போய்விட்டார். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு இன்ஜினியரிங்கில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவள், பேசுவதற்கு முன் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் பழக்கத்தை அப்போது பிடித்துக்கொண்டாள். அது தமிழுக்கும் ஒட்டிக்கொண்டது. சென்னையில் ஐந்து வருடம் ஒரு கம்பெனியில் தேடல் இயந்திரங்களைப் பராமரித்தாள். அந்தப் பிரிவையே மூடியபோது ஊருக்கு வந்தாள். சண்முகையா கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அம்மா கோமதியம்மாளுக்கு மகளின் வேலை என்னவென்று இன்றுவரை பிடிபடவில்லை. “எந்தக் கூட்டத்துல எவன் பேரக் கேட்டாலும் தேடித் தருமாம் அந்த மெஷினு. ஒனக்கு ஒரு மாப்பிள்ளையத் தேடித் தர மாட்டேங்குதே, ஏட்டி” என்பாள்.

அலுவலகத்துக்குச் சின்னதும் பெரியதுமாகச் சில வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதில் ஒன்று கடையநல்லூரில் இருந்த ஓர் உதவி மையம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் தகவல் இல்லாமல் போனவர்களைத் தேடித் தருவது அதன் வேலை. அங்கிருந்து திரும்பி வருகிறவர்கள், தாங்கள் எங்கே வேலை செய்தோம், உடன் யார் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று தங்கள் போனிலேயே பேசி மையத்தின் எண்ணுக்கு அனுப்புவார்கள். பேசுகிறவரின் பெயர் கேட்பதில்லை. மறுபடியும் அதே முதலாளியிடம் போக வேண்டியவர்கள் பலர். பெயர் வெளியே வந்தால் அவர்கள் பிழைப்பு போய்விடும். எனவே குரலை மென்பொருள் எழுத்தாக மாற்றிய உடனே, குரலும் எண்ணும் அழிக்கப்படும். மையம் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. எழுத்து மட்டும் சங்கரன்கோவிலுக்கு வந்து சேரும். அப்படி வந்தவை நாற்பதாயிரத்துக்கும் மேல்.

மையத்தை நடத்திய ரசீதா இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். தேடலில் ஒருவரைப் பற்றிய பதிவு கிடைத்தால், குடும்பத்தார் வந்து எதிரே உட்காரும் வரை அதைத் திறக்க மாட்டாள். தொடங்கிய புதிதில், ஒருவர் இறந்துபோன மவுத்துச் செய்தியை மையத்தில் யாரோ முதலில் வாசித்து, அது தெரு முழுக்கச் சுற்றி, மனைவியின் காதுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்வியை ரசீதாவால் மறக்க முடியவில்லை. “என் மாப்பிள்ள மவுத்தானது பால்காரனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலையே, ஏன்?” அன்றிலிருந்து இந்த வழக்கம்.

இந்தப் பதிவுகளைக் காப்பதற்கு இசக்கிசெல்வி எழுதிய விதி ஒரே ஒரு வரி. பதிவுகள் மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பிரதிகள். கம்ப்யூட்டரின் ஊர்ப் பெயர்தான் அது இருக்கும் இடத்தைக் காட்டும் லேபிள். ஒரு துண்டின் இரண்டு பிரதிகளும் ஒரே ஊர் லேபிள் உள்ள இடத்தில் இருக்கக் கூடாது. இதுதான் விதி. எந்தப் பிரதியை எங்கே வைப்பது என்பதை இயந்திரம் அந்த விதியைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும். முதல் துண்டைக் குருவிகுளத்திலும் மேலநீலிதநல்லூரிலும் வைத்தது. இரண்டாம் துண்டை மேலநீலிதநல்லூரிலும் திருவேங்கடத்திலும். மூன்றாம் துண்டைத் திருவேங்கடத்திலும் குருவிகுளத்திலும். எந்த ஒரு கட்டடம் போனாலும் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரு பிரதி மிஞ்சும். அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் திருவேங்கடம் செத்தது. தறிக்கூடத்துப் பஞ்சு பறந்து பறந்து உள்ளே படிந்து, விசிறி நின்று, போர்டு சூட்டில் கருகிவிட்டது. டிஸ்க் பிழைத்தது. ராஜதுரை அதைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். புதிய கம்ப்யூட்டர் வாங்கும் வரை குருவிகுளத்தின் பெட்டியிலேயே இந்த டிஸ்கையும் மாட்டி, உள்ளே இரண்டு கம்ப்யூட்டர் ஓடுவது போலச் செய்துவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது.

“இப்ப ரெண்டும் ஒரே பெட்டிதான தங்கச்சி. லேபிள மாத்தணுமா?” என்று அவர் கேட்டார்.

மாற்ற வேண்டும். அவளுக்குத் தெரியும். திருவேங்கடத்தின் லேபிளைக் குருவிகுளம் என்று திருத்தினால், மூன்றாம் துண்டின் இரண்டு பிரதிகளும் ஒரே இடத்தில் இருப்பதை விதி கண்டுகொள்ளும். ஒன்றை மேலநீலிதநல்லூருக்கு நகர்த்தத் தொடங்கும். அது முடிய மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் தேடல் ஆமை வேகத்தில் போகும். அடுத்த வாரம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. வெளியூர்க் கூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. தெருவில் வண்டி விட மாட்டார்கள், கேபிள் லைன் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. பாதியில் நின்றால் அவள் அலுவலகத்துக்கு வந்து சேரக்கூட முடியாது.

“தபசு முடியட்டும் அண்ணே. அதுக்குள்ள புது மெஷினே வந்துரும்” என்றாள்.

சங்கரன்கோவிலில் ஆடி மாதம் எதைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் அது. வெள்ளையடிப்பது, பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்குவது எல்லாவற்றையும் தபசுக்குப் பிறகு என்பார்கள். தபசு முடிந்ததும் செய்தும் விடுவார்கள். அவள் செய்யவில்லை. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. மூன்று ஊர், மூன்று லேபிள், மூன்று பச்சை. விதி கேட்டதற்கு லேபிள்கள் சரியான பதிலையே சொல்லிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மாதமும் எல்லாவற்றையும் தனி டிஸ்கில் எடுத்துவைக்கும் வேலை செத்துப்போன பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஜூலையோடு நின்றிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. புது மெஷினுக்கு முதலாளி அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ரசீதா போன் செய்தாள்.

“யக்கா, தேடுனா சுத்திக்கிட்டே நிக்கிது. ஒரு ரிசல்ட்டுன்னு காட்டுது, அதுக்கு மேல நகர மாட்டேங்குது.”

“என்ன போட்டுத் தேடுனீங்க?”

“கடையநல்லூர், ரிஸ்வான், சமையல். இங்கன மீரா பீவின்னு ஒரு அம்மா. அவங்க மவன் ரிஸ்வான் அகமது, போயி மூணு வருசமா தகவல் இல்ல. முதலாளிகிட்ட இருந்து ஓடிட்டான்னு மட்டும் தெரியும். எத்தன தடவையோ தேடியாச்சு. இன்னிக்குத்தான் ஒண்ணு விழுந்திருக்கு. நான் திறக்கல. அந்தம்மாவ வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள சரியாயிருமா?”

“பாக்குதேன்.”

குருவிகுளத்தில் நினைவகம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியில் இரண்டு குடித்தனம் என்றால் அப்படித்தான். தேடல் சேவையை நிறுத்தி மறுபடி துவக்கினாள். ரசீதா சொன்ன அதே மூன்று சொற்களை அடித்துப் பார்த்தாள். ஒரு முடிவு. மூன்றாம் துண்டு. முப்பத்தெட்டு மில்லி வினாடி. அதன் கீழே பதிவிலிருந்து நான்கு வரிகள். அவற்றின் மேல் அவள் கண் ஓடியது. கடையநல்லூர்க்காரர் ஒருத்தர் தொழிலாளர் கேம்ப்பில் சமையல் செய்தார், சொந்தப் பெயர் ரிஸ்வான் என்று ஒரு நாள் சொன்னார், ஆனால் அவர் வைத்திருந்த அடையாள கார்டில் வேறு பெயர், எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்று யாரோ பேசியிருந்தார். அந்தப் பெயரும் அங்கே இருந்தது. அவள் மறுபடியும் முப்பத்தெட்டைப் பார்த்தாள். முன்பு எட்டு வினாடிக்கு மேல் போனது. ஜன்னலை மூடினாள்.

“சரியாயிட்டு. வியாழக்கிழமை தாராளமாத் திறங்க” என்று ரசீதாவிடம் சொன்னாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் காற்றும் மழையும். தெருமுனை வேப்பமரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து விழுந்து, நியூட்ரல் கம்பியை அறுத்தது. அந்த வரிசையில் இருந்த எல்லாக் கட்டடத்திலும் மின்சாரம் இரு மடங்காக ஏறியது. கீழே ஜவுளிக்கடையில் பத்து விசிறிகளும் இரண்டு டிவியும் போயின. மேலே, பேட்டரி உப்பிப்போன யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேர் லைனில் ஓடிக்கொண்டிருந்த குருவிகுளம், பட்டாசு போல் ஒரு சத்தம் போட்டது. ராஜதுரை மெயினை அணைத்து, மணல் வாளியைக் கொட்டித் தீயை அணைக்கும்போது பெட்டியின் பின்பக்கம் உருகி வளைந்திருந்தது.

“குருவிகுளம் போச்சு” என்றார் இருமிக்கொண்டே. பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “திருவேங்கடமும் போச்சு தங்கச்சி.”

அவள் முதலாளி வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனாள். மேலநீலிதநல்லூர் நன்றாக இருந்தது. முதல் துண்டு இருந்தது. இரண்டாம் துண்டு இருந்தது. மூன்றாம் துண்டின் இடத்தில் இயந்திரம் சிவப்பாக ஒரு வரி காட்டியது: பிரதி எதுவும் இல்லை.

ஜூலையில் எடுத்துவைத்த டிஸ்கிலிருந்து மூன்றாம் துண்டின் பழைய பதிவுகளைத் திரும்ப ஏற்றினாள். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதத்துப் பதிவுகளில் நானூற்றுப் பன்னிரண்டு இல்லை. ரிஸ்வானைப் பற்றியது செப்டம்பரில் வந்தது. எரிந்த டிஸ்க்குகளைச் சென்னைக்கு அனுப்பினார்கள். சிப்பே உருகிவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று பத்து நாளில் திரும்பி வந்தன.

“நியூட்ரல் கம்பி அந்து விழுந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். இயற்கைச் சீற்றம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருவோம்” என்றார் சண்முகையா. அவர் கெட்டவர் அல்ல. பயந்திருந்தார்.

படியிறங்கும்போது ராஜதுரை மெதுவாகச் சொன்னார். “லேபிள் விசயத்த எங்கயும் வாயத் தொறந்துராத. ஒனக்காக மட்டும் சொல்லல. பெட்டிய ஒண்ணாச் சேத்தது நானுந்தான்.”

தீப்பிடித்த மறுநாள், வியாழக்கிழமை, கடையநல்லூரில் மீரா பீவி மையத்துக்கு வந்து உட்கார்ந்தபோது ரசீதாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. மெஷின் சங்கரன்கோவிலில் இருந்தது, கரண்டில் எரிந்துவிட்டது என்று சொன்னாள். மீரா பீவி எழுந்து போனாள். அடுத்த வியாழக்கிழமை புளியங்குடி வந்து பஸ் மாறி, சங்கரன்கோவிலில் இறங்கி, வழி கேட்டு, ஜவுளிக்கடைப் படியேறி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வெள்ளைத் துப்பட்டியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ரிஸ்வான் உம்மா நான். மெஷினப் பாக்கணும்.”

ராஜதுரை முதலாளியைப் பார்த்தார். முதலாளி வெளியே போகிற வேலை ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டு போய்விட்டார். இசக்கிசெல்வி எழுந்து மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததைத் திறந்து காட்டினாள். மீரா பீவி குனிந்து, கரிந்த தகட்டை ஒரு விரலால் தொட்டாள். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தாள்.

“இதுக்குள்ளயா இருந்தான்?”

இசக்கிசெல்வி கையிலிருந்த சாக்கை மடித்தாள்.

“ரசீதா சொல்லுச்சு, ரெண்டு எடத்துல வச்சிருப்பாங்கன்னு. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்னு. அந்த இன்னொரு எடம் எங்க இருக்கு? அங்கயும் போயிப் பாக்குதேன். வந்ததுதான் வந்தேன்.”

ராஜதுரை தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. அவள் வழக்கம்போல மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றுதான்.

“இன்னொரு எடமும் இதுதாம்மா. வேற எடம்னு பேரு மட்டும் எழுதியிருந்துச்சு. ரெண்டும் இந்த ஒரே பெட்டியில இருந்துச்சு. பேர மாத்தியிருந்தா மெஷினே வேற எடத்துக்குக் கொண்டுபோயிருக்கும். நான்தான் மாத்தல. தபசு முடியட்டும்னு விட்டுட்டேன்.”

ராஜதுரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். மீரா பீவி உட்காரவில்லை.

“அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாதா?”

இங்கே நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்று சொன்னால் அதை மறுக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. பேசியவர் யாரென்று தெரியாது, குரல் அழிந்துவிட்டது, ரசீதா திறக்கவில்லை.

“நான் பாத்தேம்மா. எரியிறதுக்கு முந்தின நாளு. சமையல் வேல செய்யிறாரு, சொந்தப் பேரு ரிஸ்வான்னு சொன்னாரு, ஆனா கார்டுல வேற பேருன்னு போட்டிருந்துச்சு.”

“இருக்கானா? உயிரோட இருக்கான்னா போட்டிருந்துச்சு?”

“அவரு பேசுனப்ப இருந்திருக்காரு. எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவோம்னு இருந்துச்சு.”

மீரா பீவி இப்போது உட்கார்ந்தாள். கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு, “என்ன பேரு?” என்றாள்.

இசக்கிசெல்வி தரையைப் பார்த்தாள்.

“பேரும் அங்கன இருந்துச்சும்மா. நான் எவ்வளவு நேரத்துல ரிசல்ட்டு வருதுன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பேரு மனசுல நிக்கல.”

“அது நின்னுச்சா?”

“எது?”

“எவ்வளவு நேரங்கிறது.”

“முப்பத்தெட்டு” என்றாள் இசக்கிசெல்வி. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

மீரா பீவி அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பாத்தது எங்கயும் போகாது, பிள்ள. உள்ளதான் கெடக்கும். யோசி. நான் இருக்கேன்” என்றாள். சாயங்காலம் ஐந்து மணி பஸ் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தாள். ராஜதுரை வாங்கிக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டாள், பாதி குடித்தாள்.

அதற்குப் பிறகு இசக்கிசெல்வி ஒரு காரியம் செய்தாள். தேடலில் நாம் பாதிச் சொல் அடிக்கும்போதே மீதியை எடுத்துக் கொடுக்கிறதே, அதற்காக எல்லாப் பதிவுகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்து ஒரு பட்டியல் தனியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அது புதிதாகும்; தீப்பிடித்த பிறகு அந்த வேலை ஓடவில்லை. அந்தப் பட்டியல் மேலநீலிதநல்லூரில் இருந்தது, எரியவில்லை. எந்தச் சொல் எந்தப் பதிவில் வந்தது என்று அதில் இருக்காது. வெறும் சொற்கள், அகர வரிசையில். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்து, மிஞ்சியிருக்கும் பதிவுகளில் வருகிற சொற்களை எல்லாம் கழித்துவிட்டால், எரிந்துபோன நானூற்றுப் பன்னிரண்டில் மட்டும் இருந்த சொற்கள் நிற்கும். இரண்டு நாள் சாப்பிடக் கூப்பிட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் கழித்தாள். “எதத் தொலச்சிட்டு இப்படி உக்காந்திருக்க, ஏட்டி?” என்று கோமதியம்மாள் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அறுநூற்று முப்பது சொற்கள் நின்றன. பாதி, மென்பொருள் தப்பாகக் கேட்டு எழுதிய சொற்கள். ஊர் போலத் தோன்றியவை மூன்று. ஆண்களின் பெயர் என்று சொல்லக்கூடியவை முப்பத்தேழு.

அவள் அந்த முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏதாவது ஒன்று உள்ளே போய்த் தட்டும் என்று நினைத்தாள். முதல் முறை படிக்கும்போது இரண்டு பெயர்கள் தட்டின போல இருந்தது. இரண்டாம் முறை வேறு நான்கு. மறுநாள் எல்லாமே தெரிந்த பெயர்களாக இருந்தன. படித்துப் படித்து எல்லாவற்றையும் தெரிந்த பெயராக்கிவிட்டோம் என்பது அவளுக்குத் தாமதமாக உறைத்தது. அந்த நான்கு வரியில் உண்மையில் இருந்த பெயர் அரைகுறையாக எங்கேயாவது நின்றிருந்தால், அதன் மேல் இந்த முப்பத்தேழையும் தானே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள்.

அடுத்த வியாழக்கிழமை மீரா பீவி வந்தபோது தாளைக் கொடுத்தாள். மீரா பீவிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மெதுவாக. ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து வாசித்தாள்.

“இதுல ஒண்ணு அவன் பேரா?”

“இருக்கலாம்மா. நெறைய பேருக்கு இருக்கிற பேருன்னா இந்த லிஸ்ட்டுலயே வராது. மத்த பதிவுல எங்கயாவது இருந்தாலே கழிஞ்சு போயிருக்கும்.”

“அப்ப, இல்லாமயும் இருக்கலாம்.”

“ஆமாம்மா.”

மீரா பீவி தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ரசீதா அந்தப் பெயர்களையும் மூன்று ஊர்களையும் வளைகுடாவில் இருக்கிற தன் ஆட்களுக்கு அனுப்பினாள். மூன்று ஊர்களில் இரண்டுக்கு, அப்படி ஊரே இல்லை என்று பதில் வந்தது, மென்பொருளின் பிழை. மூன்றாவது, பாலைவனத்தில் ஒரு கேம்ப். ரசீதாவின் ஆள் ஒருவர் விடுமுறை நாளில் நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போனார். கேம்ப்பைக் காலி செய்து இருபது நாளாகிறது என்று காவலாளி சொன்னான். ஆட்களை ஏழெட்டு இடத்துக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். சமையல்காரன் ஒருவன் இருந்தானா என்று கேட்டதற்கு, இருந்தான், பெயர் சொல்லுங்கள், எங்கே போனான் என்று கம்பெனி ரிஜிஸ்டரில் பார்த்துச் சொல்கிறேன் என்றான். இவர் முப்பத்தேழு பெயரை நீட்டினார். அவன் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

இருபது நாள் என்பதை இசக்கிசெல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். ரசீதா பதிவைத் திறப்பதாக இருந்த அந்த வியாழக்கிழமைக்கு மறு வாரம் வரை கேம்ப் அங்கேயே இருந்திருக்கிறது.

புது மெஷின் வந்துவிட்டது. இந்த முறை முதலாளி அடுத்த மாதம் என்று சொல்லவில்லை. அதற்குத் திருவேங்கடம் என்று பெயர் வைக்கலாமா என்று ராஜதுரை கேட்டார். வேண்டாம் என்றாள். இப்போது ஒரு லேபிளை எழுதுவதற்கு முன் அவள் எழுந்து போய், அந்தப் பெட்டி இருக்கிற கட்டடத்துக்கு ஸ்கூட்டியில் போய், பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவாள். “சூடு பாக்கியா, காய்ச்சலா அதுக்கு?” என்று ராஜதுரை ஒருமுறை கேலி செய்தார். பிறகு கேட்பதில்லை.

தை மாதம் அவளுக்குச் சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. பழைய கம்பெனியில் கூட இருந்தவள் சொல்லி ஏற்பாடு செய்தது. கோமதியம்மாள் நல்ல நாள் பார்த்து வைத்தாள். இசக்கிசெல்வி போகவில்லை. ஏன் என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டாள். அவளிடம் என்ன சொல்வது? வியாழக்கிழமை ஒருவர் வருவார், நான் இருக்க வேண்டும் என்றா?

மீரா பீவி இன்னும் வருகிறாள். பத்தரை மணி பஸ்ஸில் வந்து, படியேறி, வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறாள். அது அவளுடைய நாற்காலி ஆகிவிட்டது. மற்ற நாட்களில் வருகிறவர்களை ராஜதுரை வேறு நாற்காலியில் உட்கார வைக்கிறார். அவள் கேட்பது ஒரே ஒரு சொல்.

“இன்னிக்கு?”

இசக்கிசெல்வி தலையசைப்பாள். இல்லை. அதன் பிறகு அவள் வேலையைப் பார்ப்பாள், மீரா பீவி அவளைப் பார்ப்பாள்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து படியிறங்கினார்கள். இசக்கிசெல்வி ஸ்கூட்டியை எடுத்தாள். மீரா பீவி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஹேண்டிலில் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட்டை எடுத்து, இசக்கிசெல்வியின் தலையில் தானே வைத்து, தாடைக்குக் கீழே கொக்கியை மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

“மெதுவாப் போ, பிள்ள. லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான். ஒனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது. ஒன்னயத் தவிர எங்கயும் இல்லையே அந்தப் பேரு.”

அது பாசமில்லை என்று இசக்கிசெல்விக்குத் தெரியும். சரிம்மா என்றாள். தூறலில் வீடு வரைக்கும் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.